பெயிண்ட் கடைசியில்தான்!



‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்று பத்தாம் வகுப்பில் கட்டுரை எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். ஆனால் அதன் அர்த்தம் புரிந்தது போன நவம்பரில்தான்!

நம்ம இசை அறையில் பீரோவுக்குப் பின்னால் ஒரு கறுப்பு பேஸ் கிட்டார் கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நாலே நாலு தடித்த கம்பி. இளையராஜா பாட்டுகளில் அடியில் ‘தும் தும்’ என்று ஒரு சத்தம் ஓடுமே, அதைத் தருவது இந்த வாத்தியம்தான். நம்முடையது விலை குறைந்தது. வாசித்தால் ‘கர்ர்’ என்று இரையும். பழைய சாமானுக்குப் போட லிஸ்ட்டும் எழுதியாச்சு.

“நான் சரி பண்றேன் சார்” என்று பாட்டு சாரிடம் கெஞ்சினேன். அவர் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். குழந்தைகள் தின விழாவில் வாசிப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

முதலில் என்ன செய்தேன் தெரியுமா? பெயிண்ட்! பழைய பூச்சு கண்ணாடி மாதிரி கெட்டி. உப்புத்தாளால் நாலு நாள் தேய்த்ததில் உள்ளங்கை கொப்பளித்துப் போச்சு. அப்புறம் சிவப்பு ஸ்ப்ரே அடித்தேன். அதுவோ ஐப்பசி மழை. ஈரக்காற்றில் காயவே இல்லை. பொறுமை இல்லாமல் கம்பியை மாட்டிவிட்டேன்.

விழா அன்று என் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு. அதுகூடப் பரவாயில்லை. ஸ்பீக்கரில் அதே ‘கர்ர்’! இரண்டாவது வரியிலேயே ஒயரைக் கழற்றச் சொன்னார்கள். மேடையில் சும்மா நின்றேன். ஆனால் திட்டு வாங்கியது நான் இல்லை, பாட்டு சார். அதுதான் இன்னமும் வலிக்குது.

பிறகுதான் யோசித்தேன். எஃகுக் கம்பி அதிரும்போது, அடியில் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் அதை மின்சாரமாக மாற்றுகின்றன. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. இதில் பெயிண்டுக்கு என்ன வேலை?

மூடியைத் திறந்தேன். பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்து தொங்கியது! ரேடியோ கடை அண்ணன் ஒரு பொட்டு ஈயம் வைத்தார், இரைச்சல் அடங்கியது. உள்ளே செம்புத் தாள் ஒட்டியதும் மிச்சமும் குறைந்தது. கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை எல்-கீயால் கால் சுற்று மட்டும் திருப்பினோம். தந்தி பிரெட்டில் மோதுவது நின்றது. 12ஆவது பிரெட்டில் அழுத்தினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். அதற்காகப் பிரிட்ஜ் திருகைச் சரி செய்தோம். புதிதாக வாங்கியது ஒரு செட் தந்தி மட்டுமே.

அமெரிக்க பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் (1951–1987) பிரெட் இல்லாத தன் கிட்டாரின் விரல்பலகைக்குப் படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசினார். அழகுக்காகவா? இல்லை. தந்தி உரசி மரம் தேயக்கூடாது என்பதற்காக!

“அப்போ பெயிண்டே வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேணும்தான். பார்க்க அழகாக இருந்தால் கையில் எடுக்க ஆசை வரும். ஆனால் வரிசை முக்கியம். தை மாத வெயிலில் 120, 220, 400 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்து, மெல்லிசாகப் பல தடவை அடித்து, மூன்று வாரம் தொடாமல் காயவிட்டேன். இப்போது காலை வழிபாட்டில் நீங்கள் கேட்பது அந்தக் கிட்டார்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீரோவில் இரண்டு ஆர்மோனியம் தூங்குகிறது. லிஸ்ட் எழுதும் முன்னால், திறந்து பார்க்க எங்களுக்கு ஒரு சனிக்கிழமை கொடுங்கள். இந்த முறை கையெழுத்தை நானே போடுகிறேன்.

முதலில் உள்ளே பார்ப்போம்! பிறகு வெளியே பூசுவோம்!

— பதினோராம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்