நோட்டைப் பிரிப்பது அவமரியாதையா?

'டாக்டரை நம்புங்கள், நோட்டைப் பிரித்துவைத்துக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்' என்று எழுதியிருக்கிறார் நண்பர் ஒருவர். இரண்டு நாள் காய்ச்சலுக்கு இது சரி. தலசீமியா மேஜர் என்ற ரத்த நோயோடு பிறந்த பிள்ளைக்கு ஒத்துவராது.

என் மகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். ஒரு யூனிட் சிவப்பணுவில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சேர்ந்துபோன இரும்பைத் தானாக வெளியே தள்ள உடம்புக்கு வழியில்லை. கல்லீரல், இதயம், நாளமில்லாச் சுரப்பிகள் என்று போய்ப் படியும். பிள்ளை ஓடியாடித்தான் திரியும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. டிஃபெராசிராக்ஸ் மாத்திரை அந்த இரும்பைப் பிடித்து வெளியேற்றும். அதன் அளவை உடல் எடை பார்த்துத்தான் எழுதுவார்கள்.

சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிடின் போன முறையைவிட ஏறியிருக்கிறதா? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எப்படி? இதயத்தில் இரும்பு சேர்ந்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எப்போது பார்க்கலாம்? என் நோட்டில் இருப்பவை இவைதான். "எடை கூடியிருக்கிறாளே டாக்டர், மாத்திரை அதேதானா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் பழைய சீட்டைப் புரட்டினார். 18 கிலோவில் எழுதிய அளவு; அன்று அவள் 24 கிலோ. உடனே மாற்றி எழுதினார், "நல்லவேளை கேட்டீங்கம்மா" என்றார். வெளியே அவ்வளவு கூட்டம், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நம்பிக்கை இல்லாதவள் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள், வேறு டாக்டரைத் தேடிப் போயிருப்பாள்.

இதே நோயோடு பிள்ளை வளர்க்கும் அம்மா அப்பாக்களே, அடுத்த முறை போகும்போது கடைசி மூன்று ஃபெரிடின் ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.