காட்டாமணக்கு: நட்டம் யார் தலையில்?

திட்டக் குழு 2003-இல் பரிந்துரைத்தபின், சத்தீஸ்கர் முதலிய மாநிலங்களில் டீசலுக்கு மாற்றாகக் காட்டாமணக்கு நடப்பட்டது. கிராமந்தோறும் சிறு எண்ணெய் ஆலைகள் செழிக்கும் என்றனர் ஆட்சியாளர்கள்.

கணக்கோ வேறு. நீரும் உரமுமற்ற தரிசில் விளைச்சல் சொற்பம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்று கிலோவுக்கும் மேல் விதை வேண்டும். 2006-இல் நடைமுறைக்கு வந்த பயோடீசல் கொள்முதல் விலை லிட்டருக்கு 25 ரூபாய். உற்பத்திச் செலவுக்கே அது கட்டுபடியாகவில்லை. கடலை, எள் ஆட்டும் சிறு ஆலைக்குப் பிண்ணாக்கு விற்பனை கைகொடுக்கும். காட்டாமணக்குப் பிண்ணாக்கு நச்சு, மாட்டுக்கு ஆகாது.

2017-க்குள் 20 சதவீதக் கலப்பு என்ற இலக்கு, 2018-ஆம் ஆண்டுக் கொள்கையில் 2030-க்குள் 5 சதவீதமாகச் சுருங்கியது. அரசு இலக்கைத் திருத்திக்கொண்டது. காய்ப்புக்காக ஆண்டுகள் காத்திருந்த விவசாயியின் இழப்பை யார் ஈடுசெய்வது?

நடவுக்கு முன்பே கட்டுபடியான விலையும் கொள்முதல் உத்தரவாதமும் சட்டமாக வேண்டும். அவையின்றி வரும் எந்தப் பயிர்த் திட்டமும் நட்டத்தை உழைப்பவர் தலையில் சுமத்துவதே.