இறந்தவர் ஏட்டை யார் திறப்பது?

ரிங்லெட்டை அடுத்த போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. அங்கே வேலை செய்த முதல் தலைமுறைத் தொழிலாளர்களில் இன்று யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. மலாயாத் தோட்டங்களில் அவர்களைப் போன்றவர்களின் காய்ச்சலையும் பிரசவத்தையும் சாவையும் எழுதிவைத்தவர் டிரஸ்ஸர் எனப்பட்ட தோட்ட ஆஸ்பத்திரி மருத்துவ உதவியாளர். அப்படி ஓர் ஏடு இன்று அகப்பட்டால் பேரனுக்குக் காட்டலாமா, ஆய்வாளருக்குக் காட்டலாமா? மலேசியச் சட்டத்திடம் நேரான பதில் இல்லை. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்குக் கூடுதல் காப்பு தருகிறது. ஆனால் அது வணிக நடவடிக்கைகளுக்கானது. மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. எனவே அரசு மருத்துவமனை அதற்கு வெளியே நிற்கிறது. 2024இல் வந்த திருத்தம் இறந்தவர்களையும் விலக்கிவிட்டது. மிஞ்சுவது, நோயாளி இறந்தபிறகும் ரகசியம் காக்கச் சொல்லும் மருத்துவ நெறி. நல்ல நெறிதான், எத்தனை காலத்துக்கு என்பதுதான் கேள்வி. கெடு இல்லாத இடத்தில் முடிவு மேசைக்குப் பின்னால் இருப்பவர் கையில். மறுத்துவிடுவதே அவருக்கு வம்பில்லாத வழி.

ஆகவே சட்டத்தில் ஓர் ஆண்டுக்கணக்கு வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் மருத்துவத் தகவலுக்கான கூட்டரசுக் காப்பு, 2013 விதித் திருத்தத்தின்படி, இறந்து 50 ஆண்டுகளில் முடிகிறது. பிரிட்டிஷ் காப்பகங்களில் நோயாளி ஏடுகளை 100 ஆண்டுகள் மூடிவைப்பது வழக்கம். நமக்கு எது பொருந்தும் என்று வாதிடலாம்; எதுவுமே வேண்டாம் என்று வாதிட முடியாது. ஏனென்றால் இந்த ஏடுகள் வரலாற்று மாணவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. 1930இல் திறந்த சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் பிறந்த பல குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். முதிர்ந்த வயதில் பெற்றோரைத் தேடுகிற அவர்களுக்கு அங்குள்ள பதிவைத் தவிர வேறு தடயம் ஏது? தோட்டத்துக் கதையும் இதற்குத் தூரமில்லை. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் போனதால் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு, அல்லது எந்த அட்டையும் இல்லாமல், வாழ்ந்த இந்தியர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பதிந்துகொள்ள 2011இல் மைடஃப்தார் என்ற இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. தாய் இந்த மண்ணில்தான் பிறந்தாள் என்று காட்ட, பழைய பிரசவ ஏட்டின் ஒரு வரி சில குடும்பங்களுக்குப் பெரிய துணை.

எதிர்வாதம் லேசானதல்ல. தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரே, அங்கே 1911இல் மனநல மருத்துவமனை வந்ததால், இந்நாட்டில் வசைச்சொல்லாகிவிட்டது. தாத்தாவுக்குத் தொழுநோய் என்று தெரிந்தால் பேத்தியின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும் என்ற பயத்தை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. ஆனால் இந்தப் பயம் ஏட்டை ஊருக்கே விரிப்பதற்கு எதிரான வாதம், வாரிசிடம் காட்டுவதற்கு எதிரானதல்ல. நேரடிச் சந்ததி கேட்டால் முன்னதாகவே கொடுக்கலாம். ஆய்வாளருக்குப் பெயரை மறைத்துக் கொடுக்கலாம். மனநோய், தொழுநோய் ஏடுகளுக்குக் கெடுவை நீட்டலாம். பெயரில்லாத கணக்குக்கும் பலன் உண்டு. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பை வடித்தால் மலேரியா குறையும் என்று நிறுவியது நோய், சாவு எண்ணிக்கைகளை வைத்துத்தான்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த ஒரு லயத்தில் ஒரே ஆண்டில் இத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கை மூடிவைத்தால் காப்பாற்றப்படுவது நோயாளியின் மானமா, நிர்வாகத்தின் மானமா? அந்தரங்கம் ஆளுக்கு உண்டு, கம்பெனிக்கு இல்லை. அதனால் கெடு விதிக்கும் சட்டம், அதே மூச்சில் தோட்ட ஆஸ்பத்திரி ஏடுகளை அழிக்கவும் தடை விதிக்க வேண்டும்; தோட்டம் கைமாறும்போது அவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். ஏடு கறையானுக்குப் போனபிறகு 50 ஆண்டா 100 ஆண்டா என்று விவாதிக்க எதுவும் இருக்காது.