பாதிப் படிப்பில் மாநிலம் மாறுவோர்

ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே விதமான கவலை தலைதூக்குகிறது. வங்கியிலோ ரயில்வேயிலோ மத்திய அரசு நிறுவனத்திலோ பணிபுரியும் தந்தைக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. அல்லது பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கே திரும்புவதென்று முடிவாகிறது. வீட்டில் மகளோ மகனோ பி.காம். அல்லது பி.எஸ்ஸி. வகுப்பில் பாதி வழியில் நிற்கிறார். பள்ளிப் பிள்ளையென்றால் டி.சி. வாங்கிப் போய் அடுத்த ஊரில் சேர்த்துவிடலாம். கல்லூரிப் பிள்ளையின் நிலை அப்படியல்ல. மாநில எல்லையைத் தாண்டியதும் அதுவரை படித்த படிப்பு எத்தனை ஆண்டுக்குச் செல்லும் என்பதே கேள்விக்குரியதாகிவிடுகிறது.

தனியார் பல்கலைக் கழகங்களுக்கு இதில் சங்கடமில்லை. இடம் காலியாக இருந்தால், பணமும் இருந்தால், பெரும்பாலும் கதவு திறக்கும். ஆனால் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் நாட வேண்டியது அரசுக் கல்லூரிகளையும் அரசுப் பல்கலைக் கழகங்களையும்தான். அங்கேதான் விதிகள் அதிகம். அவற்றை எடுத்துச் சொல்வோர் குறைவு.

எந்தப் பல்கலைக் கழகத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எழும்போது பெற்றோர் முதலில் பார்ப்பது பெயரையும் தரவரிசையையும்தான். 2016-ஆம் ஆண்டிலிருந்து மத்திய அரசு தரவரிசைப் பட்டியல் வெளியிட்டு வருகிறது. 2024 முதல் மாநில அரசுப் பல்கலைக் கழகங்களுக்கென்றே தனிப் பட்டியலும் உண்டு. புதிதாகச் சேருவோருக்கு அது ஓரளவு உதவலாம். நடுவில் மாறுவோருக்கு அதனால் அதிகப் பயனில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது பாடத்திட்டம் எவ்வளவு ஒத்துப் போகிறது என்பதையே. முதலிரண்டு பருவங்களில் இங்கே எழுதி முடித்த தாள்களில் எத்தனையை அங்கே ஏற்றுக்கொள்வார்கள், எத்தனையைப் புதிதாக எழுதச் சொல்வார்கள் என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். புகழ் பெற்ற இடத்தில் எட்டுத் தாள்களை மறுபடியும் எழுதுவதைவிட, அவ்வளவு பெயர் இல்லாத இடத்தில் இரண்டு தாள்களோடு தப்புவது மேல் என்பது நமது கருத்து.

கல்லூரியின் பெயரை மட்டும் பார்ப்பதும் போதாது. ஓசூர் பெங்களூருக்குப் பக்கத்து வீடு போன்றது. ஆனால் அங்குள்ள அரசுக் கலைக் கல்லூரி சேலத்திலுள்ள பெரியார் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. வேலூர், திருப்பத்தூர் பக்கம் போவோர் சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக் கழகத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும். கோவைக்குப் போவோருக்குப் பாரதியார் பல்கலைக் கழகம். இங்கேயும் அதே குழப்பம்தான். 1964-இல் தோன்றிய பெங்களூர்ப் பல்கலைக் கழகம் 2017-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஒரே நகரத்தில் இரண்டு தெரு தள்ளியுள்ள கல்லூரிகள் வெவ்வேறு பல்கலைக் கழகங்களின் கீழ் இருக்கின்றன. கோலார் தங்கவயல் மாணவருக்கு இடப்பெயர்வுச் சான்றிதழ் தர வேண்டியது கோலாரைத் தலைமையிடமாகக் கொண்ட பெங்களூரு வடக்குப் பல்கலைக் கழகமே தவிர, ஞானபாரதி வளாகம் அல்ல. எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியாமல் ஒரு மாதத்தைத் தொலைத்தால், சேர்க்கைக் காலமே கடந்துவிடும்.

இதற்கு மேல், கர்நாடகத்தில் பட்டப் படிப்பின் அமைப்பே சில ஆண்டுகளில் இரு முறை மாறியது. 2021-இல் புதிய கல்விக் கொள்கையை ஒட்டி நான்காண்டுப் படிப்பு முறை வந்தது. 2024-இல் அதைக் கைவிட்டு மறுபடி மூன்றாண்டு முறைக்கே திரும்பினார்கள். தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவே இல்லை. ஆகையால் ஒரே பி.காம். பட்டத்துக்கு எல்லையின் இரு புறமும் தாள்களின் எண்ணிக்கையும் வேறு, மதிப்பலகும் வேறு என்ற நிலை உண்டாயிற்று. கொள்கைச் சண்டையில் எந்த அரசு சரி என்று நாம் இங்கே வாதிட வரவில்லை. அதன் சுமை பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் இறங்குகிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

மொழிப் பாடம் இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பகுதி ஒன்றில் தமிழ் அல்லது வேறொரு மொழி. பகுதி இரண்டில் ஆங்கிலம். இங்கே கன்னடமோ இந்தியோ கூடுதல் ஆங்கிலமோ எடுத்துப் படித்த நம் பிள்ளைகள் அங்கே போய்த் தமிழ்ப் பாடத்தின் முந்தைய பருவத் தாள்களையும் சேர்த்து எழுத நேரலாம். வீட்டில் வாய் நிறையத் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுத வராது. இது இந்நகரத்தில் பழகிப்போன காட்சி. இதற்கும் அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. பள்ளியில் தமிழ் படிக்காமல், பகுதி ஒன்றில் வேறு மொழி எடுத்தவர்களுக்கு அடிப்படைத் தமிழ் என்ற பெயரில், ஆறாம் வகுப்பு அளவில் எளிய பாடம் வைத்திருக்கிறார்கள். இதைப் பெற்றோர் பலர் அறியார். அறிந்தால் அஞ்ச மாட்டார்கள். ஆனால் பகுதி ஒன்றில் வேறு மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர் எல்லாக் கல்லூரிகளிலும் இருப்பதில்லை. கன்னடத்துக்கோ இந்திக்கோ ஆசிரியர் உண்டா என்று கேட்டுக்கொண்ட பிறகே கல்லூரியை முடிவு செய்ய வேண்டும். எதிர்த் திசையில் வருவோருக்கும் ஒரு சொல்: கன்னடத்தைக் கல்லூரியில் கட்டாயமாக்கிய 2021-ஆம் ஆண்டு ஆணைகளைச் செயல்படுத்த உயர் நீதிமன்றம் 2022-இல் இடைக்காலமாகத் தடுத்தது என்றாலும், இங்கே வாழ வருகிறவர் கன்னடம் கற்பது அவருக்கே நன்மை.

எல்லாவற்றிலும் வேதனை தருவது சாதிச் சான்றிதழ் விவகாரம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பட்டியல்கள் மாநிலவாரியாக அமைந்தவை. ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதி, பிழைப்புக்காக மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயரும்போது தானாகக் கூட வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்களும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. தாத்தா காலத்திலேயே இங்கு வந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளை, இங்கே வெளியூர்க்காரர் என்றும், ஊருக்குத் திரும்பினால் அங்கே வெளிமாநிலத்தவர் என்றும் இரண்டு பக்கமும் தள்ளப்படும் அவலம் உண்டாகிறது. தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டோர் இருப்பிடச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் சொந்த ஊர் வட்டாட்சியரிடம் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். கல்லூரி திறந்த பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பதில் பயனில்லை.

கட்டணத்தைக் கணக்கிடும்போதும் ஏமாறக் கூடாது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்; 2024-இல் மாணவருக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதே தொகை வந்தது. ஆனால் இவை ஆறாம் வகுப்பிலிருந்து அம்மாநிலப் பள்ளிகளில், அதுவும் குறிப்பிட்ட வகைப் பள்ளிகளில், படித்தவர்களுக்கே. பெங்களூரில் பள்ளிப் படிப்பை முடித்தவர் அதை நம்பி வரவு செலவுக் கணக்குப் போடலாகாது.

2021-இல் பல்கலைக் கழக மானியக் குழு மதிப்பலகு வங்கி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஓரிடத்தில் தேறிய பாடங்களின் மதிப்பலகுகள் மாணவர் பெயரில் ஏழாண்டு வரை இருப்பில் நிற்கும். மற்றோரிடத்தில் அதைக் கொண்டு படிப்பைத் தொடரலாம் என்பது திட்டம். நல்ல யோசனைதான். ஆனால் பட்டம் தரும் நிறுவனத்திலேயே பாதி மதிப்பலகுகளையாவது பெற்றிருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. மூன்றாம் ஆண்டுக்கு மாறுவோர் இதைக் கவனிக்க வேண்டும். வங்கியில் மதிப்பலகு இருப்பதால் வகுப்பில் இடம் கிடைத்துவிடாது. இடம் தருவதும் மறுப்பதும் அந்தந்தப் பல்கலைக் கழகத்தின் கையிலேயே இருக்கிறது.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்வது இது. புதிய இடத்தில் சேர்த்துக்கொள்வதாகவும், எந்தத் தாள்களை ஏற்பதாகவும் எழுத்து மூலம் பெறாமல் பழைய கல்லூரியில் டி.சி. வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் இங்கும் இடமில்லை, அங்கும் இடமில்லை என்றாகும். படிப்பில் ஓராண்டே பாக்கியிருந்தால் மாறாமல் இருப்பதே உசிதம். பிள்ளையை விடுதியிலோ உறவினர் வீட்டிலோ வைத்து முடிக்கச் செய்யலாம். பெண் பிள்ளை என்றால் இதைச் சொன்னதும் பல வீடுகளில் தயக்கம் வருகிறது. "போதும் படித்தது, ஊரில் வரன் பார்க்கலாம்" என்று பேச்சு திரும்பிவிடுகிறது. மாற்றலைக் காரணம் காட்டிப் பெண்ணின் பட்டத்தைப் பறிப்பதை நாம் ஒப்புவதற்கில்லை.

அஞ்சல் வழிக் கல்விக்கு மாறலாமா என்று கேட்போரும் உண்டு. மாறலாம், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டில் மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மைசூரிலுள்ள கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் அரசு நிறுவனமே. அதற்கு 2012-13 முதல் அங்கீகாரம் இல்லை என்று 2015-இல் அறிவிக்கப்பட்டு, 2018-இல்தான் அது மீண்டும் கிடைத்தது. இடைக்காலத்தில் படித்தவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. அரசுப் பெயர்ப் பலகை மட்டும் காப்பாற்றிவிடாது.

பெற்றோரின் முன்யோசனையால் மட்டும் தீரக்கூடிய பிரச்சினை அல்ல இது. குப்பத்திலுள்ள திராவிடப் பல்கலைக் கழகத்தை 1997-இல் ஆந்திர அரசு நிறுவியபோது அண்டை மாநிலங்களும் அதில் பங்கேற்றன. மொழிக்காக ஒன்றுகூட முடிந்த மாநிலங்கள், தங்கள் எல்லைகளைத் தாண்டும் மாணவருக்காகவும் ஒன்றுகூட முடியும். பெங்களூரின் மூன்று பல்கலைக் கழகங்களும், எல்லைக்கு அப்பாலுள்ள பெரியார், திருவள்ளுவர் பல்கலைக் கழகங்களும் உட்கார்ந்து பேசினால், பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. பாடங்களுக்கு எந்தத் தாளுக்கு எந்தத் தாள் சமம் என்ற பட்டியலை ஒரு கோடை விடுமுறையில் தயாரித்துவிடலாம். இடப்பெயர்வுச் சான்றிதழை ஏழு நாளில் தருவதென்றும், மாற்றல் பெறும் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் சில இடங்களை ஜூலை இறுதி வரை நிறுத்தி வைப்பதென்றும் இரு மாநில உயர்கல்வித் துறைகளும் ஆணையிட வேண்டும். அடுத்த சேர்க்கைக் காலம் தொடங்குமுன் இதைச் செய்ய முடியாதென்றால், அதற்கான காரணத்தை இரு துறைகளும் பகிரங்கமாகச் சொல்லட்டும்.