தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திடல்

அவுஸ்திரேலியக் கழகங்களுக்காக வலைப்பந்தாட்டம் ஆடிய தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப்பெண். 2018இல் ஆசியச் சம்பியனான இலங்கை அணிக்கு அவர்தான் கோல் குவித்தார். அவருடைய அசாத்திய உயரத்தையே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அவரை உருவாக்கியது பயிற்சியும் அதற்குக் கிடைத்த திடலும்தான். ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைக்கோ வெளிநாடு என்றால் இன்னமும் வளைகுடாவில் வீட்டுவேலைதான். 2014 ஒக்டோபர் 29 மண்சரிவில் லயன் வீடுகளைப் பறிகொடுத்த, அதே ஊவாவின் மீரியபெத்தத் தோட்டத்திலும் ஓடியாடத் துடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலைப்பந்தாட்டத்துக்கு வேண்டியது 30.5 மீற்றர் நீளமும் அதில் பாதி அகலமும் கொண்ட சமதரை, இரண்டு கம்பங்கள், ஒரு பந்து. சரிவான மலையில் சமதரைதான் அரிது. அதைத் தோட்டக் கம்பனி நினைத்தால் ஒதுக்கலாம். பயிற்றுநரை மாகாணக் கல்வித் திணைக்களம் அனுப்பட்டும். இரண்டையும் இந்த ஆண்டே செய்யுங்கள்.