லைட் எரிஞ்சா பார்ட்டை மாத்துறதுக்குப் பேரு ரிப்பேர் இல்லைங்க

குச்சிக்கிழங்குக் காட்டுல களை வெட்டு நடந்ததால ரெண்டு வாரமா எதுவும் எழுதலை. இந்த வாரம் வேற விஷயம் எழுதலாம்னுதான் இருந்தேன். ஆனா எங்க மச்சானோட கார் கதையைச் சொல்லாம விட்டா எனக்கு மனசு ஆறாது. கார் இல்லாதவங்களும் படிங்க. கடைசியில இது நம்ம டிராக்டர்லதான் வந்து நிக்கும்.

மச்சானுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். ரிக் வண்டி வெச்சு போர் போடுற தொழில். ரெண்டு வருசம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்குனார். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. அதுல ஸ்பிரிங்குக்குப் பதிலா நாலு சக்கரத்துலயும் காத்துப் பை. ஒரு பட்டனை அமுக்குனா வண்டி உசரும், இன்னொண்ணை அமுக்குனா தாழும். மேடு பள்ளமான காட்டுத் தடத்துல உசத்திக்கலாம், ரோட்டுக்கு வந்ததும் இறக்கிக்கலாம்.

நோம்பிக்கு வந்தவர் குடும்பத்தோட கொல்லிமலைக்குப் போனார். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி வந்தாச்சு. மறுநாள் காலையில பார்த்தா மஞ்சள் லைட் எரியுது. பட்டனுக்கு வண்டி அசைய மாட்டேங்குது. முன்பக்க இடது மூலை மட்டும் கொஞ்சம் உசந்து நிக்குது.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனார். கம்ப்யூட்டரை மாட்டுனாங்க, அரை மணி நேரத்துல எஸ்டிமேட் வந்துருச்சு. முன்பக்கம் ரெண்டு காத்துப் பை, கம்ப்ரசர், ரெண்டு ஹைட் சென்சார், லேபர், வரி. எல்லாம் சேர்த்து மூணு லட்சத்து எண்பதாயிரம். "எதுங்க கெட்டுப் போச்சு?"ன்னு மச்சான் கேட்டிருக்கார். "சஸ்பென்ஷன் ஃபால்ட் சார், செட்டாத்தான் மாத்தணும்"னு பதில். எது கெட்டதுன்னு கேட்டவருக்கு எதை மாத்தணும்னு பதில் வந்திருக்கு. ரெண்டும் ஒண்ணாங்க?

மச்சான் பணம் கட்டவே தயாராயிட்டார். நான்தான் "ஒரு நாள் பொறுங்க மச்சான்"னு நாமக்கல்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு எலெக்ட்ரீசியன் அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போனேன். முப்பது வருசமா லாரிக்கும் பஸ்ஸுக்கும் வேலை பார்க்கிறவர். வண்டியைச் சமதரையில நிறுத்தச் சொன்னார். ஸ்கேனரைத் தொடவே இல்லை. தையக்காரர் வெச்சிருக்கிற மாதிரி ஒரு டேப்பை எடுத்து, சக்கரத்தோட நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளந்து சாக்பீஸால எழுதினார். முன் இடது மட்டும் நாலு சென்டிமீட்டர் அதிகம்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவையே எழுத வெச்சது. "ஏனுங்க, பை ஓட்டையா இருந்தா வண்டி தாழணும். கம்ப்ரசர் செத்திருந்தா ஏறவே கூடாது. இது உசந்தில்ல நிக்குது? அப்புறம் எதுக்குப் பையும் கம்ப்ரசரும்?"

மூணு லட்சத்து எண்பதாயிரத்துல முக்கால்வாசி அந்த ஒரு கேள்வியிலயே அடிபட்டுப் போச்சு. அதுக்குக் கம்ப்யூட்டர் எதுவும் வேண்டியிருக்கலை.

இந்த ஹைட் சென்சார் ஒண்ணும் மாயமந்திரம் இல்லைங்க. ஏர் சஸ்பென்ஷன் பஸ்ஸுக்கு அடியில பார்த்திருக்கீங்களா? சேஸிஸ்ல ஒரு லெவலிங் வால்வு, அதுல ஒரு கை, அந்தக் கையை ஆக்சிலோட சேர்க்கிற ஒரு கம்பி. ஆள் ஏறினா பாடி தாழும், கம்பி கையைத் தள்ளும், வால்வு திறந்து பைக்குக் காத்து போகும். ஆள் இறங்கினா எதிர்ப்பக்கம் நகர்ந்து காத்து வெளியேறும். காருல இருக்கிறதும் அதே கைதான், அதே கம்பிதான். வால்வுக்குப் பதிலா சென்சார். அந்தக் கை எவ்வளவு திரும்பியிருக்குங்கிறதை வோல்ட்டேஜா மாத்தி கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பையில காத்து ஏத்துறதா இறக்குறதாங்கிறதை கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். அவ்வளவுதான்.

சென்சார் பொய் சொன்னா கம்ப்யூட்டரும் தப்பாத்தான் செய்யும். சேஸிஸ் தாழ்ந்திருக்குன்னு பொய்த் தகவல் வந்தா, அது பாட்டுக்குக் காத்தை ஏத்திக்கிட்டே இருக்கும். மச்சான் வண்டியில நடந்தது அதுதான்.

அண்ணன் முதல்ல வண்டியை ஸ்டாண்டு கொடுத்துத் தாங்க வெச்சார். காத்துப் பை வண்டிக்கு அடியில வெறும் ஜாக்கியை நம்பித் தலையை விட்டுடாதீங்க. காத்து இறங்கினா மொத்த வண்டியும் மேல உக்காந்துரும். அப்புறம் லிங்க் கம்பி வளைஞ்சிருக்கா, பால் ஜாயிண்ட் கழண்டிருக்கான்னு கையால ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. மல்டிமீட்டரை எடுத்தார். இந்தச் சென்சாருக்கு மூணு ஒயர்: ஒண்ணுல அஞ்சு வோல்ட் வரணும், ஒண்ணு எர்த், ஒண்ணு சிக்னல். அஞ்சு வோல்ட் வந்தது. எர்த் ஒயர்ல கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும், அரை வோல்ட் காட்டுச்சு. கனெக்டரைக் கழட்டினா உள்ள ரப்பர் சீலைக் காணோம், பின் பச்சை பூத்துக் கிடக்கு. தண்ணி போயிருக்கு. எர்த் சரியாப் பிடிக்காததால சிக்னல் நிஜத்தை விட ஏறிக் காட்டியிருக்கு.

பின்னைச் சுத்தம் பண்ணி, புது சீல் போட்டு மாட்டினார். லிங்க் கம்பியைக் கழட்டி சென்சார் கையை மெதுவா மேலயும் கீழயும் அசைச்சுக்கிட்டே மீட்டரைப் பார்த்தார். வோல்ட்டேஜ் எங்கயும் துள்ளாம, விடாம, சீரா ஏறி இறங்குச்சு. நடுவுல எங்கயாவது அறுந்து விழுந்திருந்தா உள்ள தேய்மானம், சென்சாரே போச்சுன்னு அர்த்தமாம். இது நல்லா இருக்கு. அதுக்கப்புறம்தான் ஸ்கேனரை மாட்டி ஃபால்ட்டை அழிச்சு, நாலு மூலையோட உசரத்தையும் அதுல பார்த்து, சாக்பீஸ் கணக்கோட ஒப்பிட்டார். சென்சாரை மாத்தாததால புதுசா கேலிப்ரேஷனும் தேவைப்படலை. வண்டி சமமா நின்னுச்சு.

அவர் கேட்ட கூலி ஆயிரத்து ஐநூறு ரூபாய்.

இப்ப யாரைத் திட்டப் போறேன்னு நினைக்கிறீங்க? சர்வீஸ் சென்டரைத் திட்டத்தான் போறேன், அது அப்புறம். முதல்ல எங்க மச்சானை. மூணு லட்சத்து எண்பதாயிரத்துக்குத் தலையாட்டின மனுசன் இங்க சொல்றார்: "ஒரு பார்ட்டும் மாத்தலியே, சும்மா தொடைச்சதுக்கு ஆயிரத்து ஐநூறா?"

எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல ஆயிருச்சு. ஆனா இது மச்சான் ஒருத்தரோட குணம் இல்லைங்க, நம்ம எல்லாரோட குணமும்தான். மோட்டார் ரிப்பேர்காரர் வந்து கெப்பாசிட்டரை மாத்தினா காசு கொடுக்கிறோம். ஒயரைச் சரியா முறுக்கி விட்டுட்டுப் போனா "இதுக்கெல்லாம் காசா?"ன்னு கேட்கிறோம். கண்டுபிடிக்கிற மூளைக்குக் கூலி கிடையாது, டப்பாவுல வர்ற சாமானுக்கு மட்டும்தான் காசுன்னு நாமளே பழக்கி வெச்சா, கடைக்காரன் எதை விப்பான்? டப்பாவைத்தான் விப்பான்.

அதுக்காகச் சர்வீஸ் சென்டரை விட்டுட முடியாது. "வாரண்டி கொடுக்கணும்னா செட்டாத்தான் மாத்தணும்"னு சொல்றாங்க. சரிங்க, மாத்துங்க. ஆனா கெட்டுப் போச்சுன்னு காட்டிட்டு மாத்துங்க. ஸ்கேனர்ல வர்ற கோடு தீர்ப்பு இல்லை, புகார்தான். "முன் இடது சென்சார் சிக்னல் சரியில்லை"ன்னு கோடு வந்தா, கெட்டது சென்சாரா இருக்கலாம், ஒயரா இருக்கலாம், கனெக்டரா இருக்கலாம், கம்பியாவும் இருக்கலாம். புகார் வந்த உடனே விசாரிக்காம தண்டனை கொடுக்கிறது பஞ்சாயத்துலகூட கிடையாது.

"வெளி மெக்கானிக் கை வெச்சா ஆபத்து"ங்கிறது இன்னொரு வாதம். ஆபத்துதான், ஒத்துக்கிறேன். ஆனா நாமக்கல் பட்டறையில லோடு லாரிக்கு அடியில படுத்து வேலை செய்யறவனுக்கு ஆபத்தைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவனுக்கு இல்லாதது அறிவு இல்லை. கம்பெனி ஸ்கேனரும், ஒயரிங் படமும், ஒரிஜினல் பார்ட்டும்தான் அவன் கைக்கு வர்றதில்லை.

இது நான் சொல்ற புலம்பல் மட்டும் இல்லை. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டது. உதிரி பாகத்தையும் பழுது பார்க்கிற கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாம வெச்சிருந்தாங்கங்கிறதுதான் முக்கியமான குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயிட்டாங்க. 2022 ஜூலையில மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டது. அதுல எடுத்த நாலு துறையில கார் ஒண்ணு, விவசாயக் கருவிகள் இன்னொண்ணு. அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2023-லயே விவசாய இயந்திரங்களுக்குச் சட்டமே போட்டுருச்சு, 2024 ஜனவரியில அமலுக்கும் வந்துருச்சு. அங்க அதுக்காகப் பேசினவங்க நம்மள மாதிரி விவசாயிகள்தான்.

நமக்கு ஏன் இது முக்கியம்? இப்ப பெரிய டிராக்டர்கள்ல கலப்பையைத் தூக்கி இறக்குற ஹைட்ராலிக்குக்கும் எலெக்ட்ரானிக் சென்சார் வந்துருச்சு. வேலை ஒண்ணேதான்: கை எங்க இருக்குன்னு வோல்ட்டேஜ்ல சொல்றது. கார் நாலு நாள் நின்னா மச்சான் பஸ்ல போவார். ஈரம் காயறதுக்குள்ள உழவு ஓட்டணும்ங்கிற நேரத்துல டிராக்டர் நின்னா நாம எதுல போறது?

அதனால அடுத்த தடவை எஸ்டிமேட் நீட்டினா கையெழுத்துக்கு முன்னாடி நாலு விஷயம் கேளுங்க. என்ன கோடு வந்தது, எழுதிக் கொடுங்க. நாலு மூலையும் அளந்தீங்களா? ஒயர்ல வோல்ட்டேஜ் பார்த்தீங்களா, எவ்வளவு வந்தது? மாத்தின பழைய பார்ட்டை எங்கிட்ட கொடுப்பீங்களா? பதில் வரலைன்னா வண்டியை எடுத்துட்டு வந்துருங்க.

உங்க ஊர் பட்டறைக்காரர் ஒண்ணும் மாத்தாமலே சரி பண்ணிக் கொடுத்தா, கேட்ட காசை முகம் சுளிக்காம கொடுங்க. மச்சான் கடைசியில ஆயிரம்தான் கொடுத்தார். மிச்ச ஐநூறை நான் கொடுத்துட்டு வந்தேன். அவர் இன்னும் எனக்குத் தரலை.