"யெஸ்" அழுத்தும் முன் ஒரு வரி படியுங்கள்

பைலை சேவ் செய்யும்போது கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கை காட்டினால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் படிக்காமலே "யெஸ்" அழுத்துவீர்கள். சாப்ட்வேர் எஞ்சினியரான நானும் அப்படி ஒரு வரியை அலட்சியம் செய்து மாட்டிக் கொண்டேன்.

அலுவலகத்தில் நான் பயன்படுத்துவது அப்பாச்சி பிளிங்க் என்ற சாப்ட்வேர். ஓயாமல் வரும் டேட்டாவை வந்த கையோடு கணக்கிடும். நின்றுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடர, அதுவரை நடந்த கணக்கைச் சேமித்தும் வைக்கும். இதற்கு ஒவ்வொரு தகவலும் எண்ணா, எழுத்தா, தேதியா என்ற வகை அதற்குத் தெரிய வேண்டும். நான் எழுதிய ஜாவா கிளாஸ் ஒன்று அதன் விதிகளுக்குப் பொருந்தவில்லை. "இதைப் பொது வகையாகவே கையாள்கிறேன்" என்ற பொருளில் லாக் பைலில் ஒரு வரி எழுதிவிட்டு புரோகிராம் ஓடியது. ஓடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து அந்த கிளாஸில் புதிதாக ஒரு பீல்டு சேர்த்தேன். பழைய சேமிப்பு திறக்கவில்லை. பொது வகையாகச் சேமித்ததை இப்படி மாற்ற பிளிங்க்கில் வழி கிடையாது. கணக்கை முதலிலிருந்து ஓட்டினேன். இத்தனைக்கும் காரணம், எந்த மதிப்பும் கேட்காத பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றை எழுத மறந்ததுதான்!

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே கதை நடக்கலாம். எக்ஸெல் பைலை சி.எஸ்.வி. பைலாக சேவ் செய்தால், சில விஷயங்கள் இழக்கப்படலாம் என்று எச்சரிக்கை வரும். சி.எஸ்.வி. பைலில் வெறும் எழுத்துகள்தான் இருக்கும். எது எண், எது தேதி என்ற குறிப்பு இருக்காது. மீண்டும் திறக்கும்போது எக்ஸெல் தானாக ஊகிக்கும். 044 என்ற எஸ்.டி.டி. கோடு 44 ஆகிவிடும். எக்ஸெல் 15 இலக்கங்கள் வரைதான் எண்ணைத் துல்லியமாக வைக்கும் என்பதால், 16 இலக்க கார்டு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். அப்படியே சேவ் செய்தால் போனது போனதுதான். செப்ட்1 என்ற ஜீனின் பெயரை எக்ஸெல் செப்டம்பர் 1 என்று தேதியாக்கியதால், அதன் பெயரே செப்டின்1 என மாற்றப்பட்டது. 2020-ல் வெளியான ஜீன் பெயர் விதிமுறைகள் இதைக் குறிப்பிடுகின்றன.

எனவே ஒரிஜினல் எக்ஸெல் பைலை அழிக்காதீர்கள். சி.எஸ்.வி. பைலை டபுள் கிளிக் செய்யாமல், எக்ஸெலின் டேட்டா மெனு வழியாக இம்போர்ட் செய்து, போன், கார்டு எண்கள் உள்ள காலங்களுக்கு "டெக்ஸ்ட்" என வகை கொடுங்கள். நானும் பிளிங்க்கில், பொது வகை வந்தாலே புரோகிராமை நிறுத்தும் செட்டிங்கைப் போட்டுவிட்டேன்.

புரோகிராம் ஓடுகிறது என்பதற்காக டேட்டா பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சேமிக்கும்போது செய்த தவறு, திறக்கும்போதுதான் தெரியும்.